இருநூறு கிராம் சோறு

டாக்டர்தான் தம்பி. ஆனா உங்க முழங்கால் வலிக்கு மருந்து சொல்ற டாக்டர் இல்ல. என்கிட்ட வந்தவங்க யாரும் வலிக்குதுன்னு சொன்னதே கிடையாது. பிரேதப் பரிசோதனை டாக்டர். இருபத்தாறு வருசம். ஒரு ஜில்லா ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். பதினோராயிரம் பிரேதம் என் கையெழுத்துல வெளிய போயிருக்கு. தள்ளி உக்காராதீங்க, ரிடையர் ஆகி ஒம்பது வருசமாச்சு, தெனம் ரெண்டு வேளை குளிக்கிறேன்.

தண்ணி வேணுமான்னு கேட்டீங்க. முகம் அப்படி இருக்குதோ? இருக்கும். ஒரு வீட்டுக்குப் போய்ட்டு வரேன். போயிருக்கக்கூடாதுன்னு சொல்ல மாட்டேன். பதினாறு வருசம் முன்னாடியே போயிருக்கணும். பஸ் திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் ஒன்னரை மணி நேரம் இருக்கு. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அது ஒரு வசதி. கேளுங்க.

ஆடி மாசம் முதல் செவ்வாய்க்கிழமை தபால்ல ஒரு கவர் வந்துச்சு. உள்ள ஒரே ஒரு தாள். நான் எழுதின பழைய போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுல ஒரு பக்கம், ஜெராக்ஸ். கடுதாசி கிடையாது. ஒரு வரிக்குக் கீழ மட்டும் பென்சில்ல கோடு. யாரோ வக்கீல் ஆபீஸ்ல தப்பா அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். அடுத்த செவ்வாய் இன்னொண்ணு. வேற கேஸ். அதுலயும் ஒரு பென்சில் கோடு. மூணாவது செவ்வாய் மூணாவது கேஸ்.

கோடு போட்டிருந்த வரியை நான் வாசிக்கவே இல்ல தம்பி. கண்ணு மேல ஓடுச்சு, அவ்வளவுதான். சாதாரண வரி. அதுல என்ன இருக்கு? நான் பாத்தது மேல இருந்த செத்தவங்க பேரை. பேரைப் பாத்ததும் கேஸ் ஞாபகம் வந்துச்சு. மூணும் கொலை. மூணுலயும் நான் கூண்டுல ஏறி சாட்சி சொல்லி, மூணுலயும் ஆயுள் தண்டனை. அப்ப என்ன தோணும் உங்களுக்கு? என்னால உள்ள போனவன் எவனோ வெளிய வந்துட்டான், செவ்வாய்க்குச் செவ்வாய் என்னை எண்ணிக்கிட்டு வரான். எனக்கு அதுதான் தோணுச்சு. வாக்கிங்கை நிறுத்தினேன். கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். பால்காரரையே ரெண்டு தடவை யாருன்னு கேட்டுட்டுத்தான் திறந்தேன்.

இன்ஸ்பெக்டர் செல்வின்னு ஒருத்தர். போலீஸ் ட்ரெயினிங்ல நான் பாடம் எடுத்தப்போ முன் பெஞ்சுல உக்காந்து நோட்ஸ் எழுதினவர். நாலாவது கவரும் வந்த பிறகு அவரைக் கூப்பிட்டேன், வீட்டுக்கே வந்தார். தாளை எல்லாம் பாத்துட்டு, "கவர் எங்க சார்?"ன்னார்.

"கிழிச்சுக் குப்பைல போட்டாச்சு."

அவருக்கு லேசா ஒரு சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டார். கிளாஸ்ல நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன், எதையும் தூக்கிப் போடாதீங்கன்னு. என்ன பண்றது, பயத்துல கத்தரிக்கோலால ஓரத்தை வெட்டி தாளை உருவிட்டு கவரை அப்படியே போட்டுடுவேன். நாலு தடவையும் அப்படித்தான்.

அந்த நாலு கேஸ்லயும் தண்டனை வாங்கினவங்கள்ல யாரெல்லாம் வெளிய இருக்காங்கன்னு பாத்தாங்க. ஒருத்தன் ஆம்புட்டான். மாடக்கண்ணு. வெளிய வந்து நாலு வருசம். எங்க இருக்கான்னு நினைக்கிறீங்க? எங்க காலனி முக்குல இளநீர் வெட்டி விக்கிறான்! நான் தெனமும் வாங்கிக் குடிச்ச இளநீர். தெனமும் "வாங்கய்யா"ன்னு சொல்லுவான். என்னை அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அவனை எனக்குத் தெரியல. கையில அருவா வேற. அதுக்கு மேல எனக்கு என்ன சந்தேகம் வேணும்? அவன்தான்னு சொன்னேன். சந்தேகப்படறேன்னு சொல்லியிருக்கலாம். அவன்தான்னு சொன்னேன்.

திங்கக்கிழமை காலைல அவனை விசாரணைக்குன்னு கூட்டிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அஞ்சாவது கவர் வந்துச்சு.

ஆமா. அவன் ஸ்டேஷன்ல இருக்கான், கவர் வருது. அந்த நிமிசமே நான் போன் பண்ணியிருக்கணும். பண்ணல. ஏன்னு கேட்டா... செல்வின் எனக்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்கார், ஒரு நாள்ல ஆள் இவன் இல்லன்னு சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? உள்ள போறதுக்கு முன்னாடியே தபால்ல போட்டிருக்கலாமேன்னும் ஒரு நினைப்பு. அதுக்குத் தபால் முத்திரையைப் பாத்தாப் போதும். அதைத்தான் குப்பைல போட்டாச்சே. தாளை மேசை டிராயர்ல வச்சுப் பூட்டினேன். புதன்கிழமையும் சொல்லல. வியாழக்கிழமைதான் சொன்னேன். அன்னிக்கே அவனை விட்டுட்டாங்க. ஒரு காது கேக்காமப் போயிடுச்சுன்னு பகவதி சொன்னா. பகவதி என் சம்சாரம். அவகிட்ட ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். எந்தக் காதுன்னு நான் கேக்கல.

இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு தம்பி. ஆனா இது பெரிசு இல்ல. பெரிசு இனிமேதான்.

ஏழாவது கவரைத் தபால்காரர்கிட்ட வாங்கினது பகவதி. அவளே பிரிச்சா. அவ ரிடையர்ட் கணக்கு டீச்சர், எதையும் வரிசையா வச்சுப் பாத்தாத்தான் அவளுக்குத் திருப்தி. என் டிராயர்ல இருந்த மத்த தாளையும் எடுத்து, சாப்பாட்டு மேசை மேல ஏழையும் பரப்பி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

"என்னங்க, இந்த ஏழு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் செத்திருக்காங்க."

"சாப்பிடாம எவன் இருப்பான்?"

"அதுக்கில்ல. எல்லாரும் ஒரே அளவு சாப்பிட்டிருக்காங்க. பாதி செரிச்ச சோறு, சுமார் இருநூறு கிராம். அந்த வரிக்குத்தான் கோடு போட்டிருக்கு. இந்த எட்டு வயசுப் பையனும் இருநூறு கிராம், இந்த எழுபது வயசுக் கிழவரும் இருநூறு கிராம். இதை எப்படிங்க எடை போட்டீங்க?"

நான் பேப்பரை மடிச்சு வச்சேன். பதில் சொல்லல.

சொல்றேன், உங்ககிட்ட சொல்றேன். பிணவறை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு ரூம், ஒரு மேசை, மேல ஒரு காத்தாடி, அதுவும் பாதி நாள் சுத்தாது. அங்க மாசானம்னு ஒரு ஊழியர். அறுக்கறது, திறக்கறது, தைக்கறது எல்லாம் அவர்தான். நான் வாசப்படிகிட்ட கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு நிப்பேன். அவர் ஒவ்வொண்ணாச் சொல்லுவார், நான் எழுதிக்குவேன். கழுத்துல இவ்வளவு நீளத்துக்குத் தடம், கையில இந்த மாதிரிக் கீறல், அதெல்லாம் சரியாச் சொல்லுவார். அதை நானும் எட்டி நின்னு பாத்துக்குவேன். இரைப்பை வரும்போது மட்டும், "வழக்கம் போலத்தான்யா"ம்பார். அதைத் திறந்தா நாத்தம் தாங்காது. அவருக்கும் அதைத் திறக்க இஷ்டமில்ல, எனக்கும் திறக்கச் சொல்ல இஷ்டமில்ல. வழக்கம் போலன்னா பாதி செரிச்ச சோறு, இருநூறு கிராம். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் எழுதுவார். நான் அவர்கிட்ட கத்துக்கிட்டேன். ஒருத்தர் கேக்கல. ஜட்ஜு கேக்கல, வக்கீல் கேக்கல. ஒரு பைசா லஞ்சம் வாங்கினவன் இல்ல நான், அதை நெஞ்சுல கை வச்சுச் சொல்லுவேன். எந்தக் கேஸ்லயும் காசுக்கு ஒரு எழுத்தை மாத்தினதில்ல.

பகவதி ஏழாவது தாளைத் தனியா எடுத்தா. அதுல ரெண்டு கோடு இருந்துச்சு. ஒண்ணு சோத்து வரிக்கு. இன்னொண்ணு அதே பக்கத்துல மேல, "இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு"ங்கற வரிக்கு.

"பேரு சண்முகக்கனி. வயசு இருபத்தெட்டு. தேதியப் பாருங்க. ஐப்பசி. சூரசம்ஹாரத்தன்னிக்கு."

"அதனால?"

"சஷ்டி விரதத்துக்குக் காப்புக் கட்டியிருக்கா இந்தப் பொண்ணு. ஆறு நாள். சாயந்தரம் சூரனைச் சம்ஹாரம் பண்ணி, குளிச்சுட்டுத்தான் வாயில எதுவும் படும். மத்தியானம் செத்ததா எழுதியிருக்கீங்க, இவ வயித்துல எப்படிங்க சோறு இருக்கும்?"

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

அவ கண்ணாடியக் கழட்டினா. "முப்பத்திநாலு வருசமா இந்த வீட்டுல நானும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆறு நாளும் உங்களுக்குப் பரிமாறிட்டு எதிர்ல இதே நாற்காலில உக்காந்திருப்பேன். நீ சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்ல தம்பி. அவ கோவமாக் கூடச் சொல்லல. சொல்லிட்டு கவரை எடுத்துத் திருப்பி என் முன்னாடி வச்சா.

"பின்னாடி அனுப்புநர் விலாசம் எழுதியிருக்கு. முத்து முத்தா எழுதியிருக்கு. மத்த கவர்லயும் இருந்திருக்கும். நீங்க பாக்கலையா?"

எப்படி இருந்திருக்கும் எனக்கு! மொட்டைக் கடுதாசின்னு ஊரைக் கூட்டி, ஒரு ஆளை அடி வாங்க வச்சாச்சு. அனுப்பினவரு ஒவ்வொரு தடவையும் பேரும் விலாசமும் எழுதித்தான் அனுப்பியிருக்காரு. பரமகுரு. சண்முகக்கனியோட புருசன்.

அந்தக் கேஸ் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்ததுக்குக் காரணம் வேற. அதுலதான் நான் பேப்பர்ல வந்தேன். பரமகுரு தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் கொடுக்கறவர். அன்னிக்கு ஒரு மணிக்கு வீட்டுல சாப்பிட்டார். மூணு மணிக்குத் தெருக்காரங்களோட வேன்ல ஏறி சூரசம்ஹாரம் பாக்கத் திருச்செந்தூர் போனார். பொண்டாட்டி ஆறு நாள் பட்டினில தலை சுத்துதுன்னு வீட்டுல படுத்துட்டா. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்தப்போ கழுத்து நெரிச்சுக் கிடந்தா. மூணு மணிக்கு மேல நடந்திருந்தா வேற எவனோ. மூணு மணிக்கு முன்னன்னா புருசன். எல்லாம் நேரத்துலதான் இருந்துச்சு.

மறுநாள் எங்க ஆஸ்பத்திரில ஆறு பிரேதம், திருவிழாக் கூட்டத்துல கடல்ல போனவங்க, வேன் கவுந்தவங்க. நான் அன்னிக்கு வாசப்படி வரைக்கும் கூடப் போகல. மாசானம் என் ரூமுக்கு வந்து, கையில மஞ்சள் கயிறு இருக்குன்னார், கழுத்துத் தடம் இவ்வளவுன்னார், மத்ததெல்லாம் வழக்கம் போலன்னார். எழுதினேன்.

கோர்ட்ல பரமகுரு கத்தினார். "அவ சாப்பிடவே இல்லங்கய்யா, விரதம்!"னு. அரசு வக்கீல் என்னைக் கேட்டார். நான் சொன்னேன், "மனுசன் பொய் சொல்லலாம், வயிறு பொய் சொல்லாது. இரைப்பைல இருந்ததை நான் என் கண்ணால பாத்தேன். சாப்பிட்டு ஒன்னரை மணி நேரத்துக்குள்ள உயிர் போயிருக்கு." அதைத்தான் பேப்பர்ல போட்டாங்க. நான் வெட்டி ஒட்டி வச்சிருந்தேன். அவளும் புருசனோட சேந்து சாப்பிட்டிருப்பான்னு கணக்குப் போட்டாங்க. ஒரு மணிக்குச் சாப்பாடு, ரெண்டரைக்குள்ள சாவு, மூணு மணிக்கு வேன். பதினாலு வருசம் உள்ள இருந்தார்.

அப்ப யாரு கொன்னதுன்னு கேக்கறீங்க. தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. தேடவே இல்லையே.

பரமகுருவைப் போய்ப் பாத்தேன். பழைய இடத்துலயே ஒரு மேசை போட்டு மனு எழுதிக்கிட்டு இருக்கார். தலை முழுக்க வெளுத்துப் போச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். மரியாதைல குறை வைக்கல.

"எப்படி இந்தத் தாளெல்லாம் உங்களுக்குக் கிடைச்சுது?"ன்னு கேட்டேன்.

"உள்ள இருக்கிறவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் அவன் கேஸ் கட்டு இருக்கும் சார். தலைமாட்டுல வச்சுத்தான் படுப்பான். எழுதப் படிக்கத் தெரியாதவன் எல்லாம் அப்பீலுக்கு, பரோலுக்கு எங்கிட்டதான் மனு எழுத வருவான். கட்டைப் பூரா வாசிச்சாத்தானே எழுத முடியும்? முதல்ல ஒருத்தன் கட்டுல இந்தச் சோத்து வரியப் பாத்தேன். எனக்குத்தான் மனப்பாடமாச்சே அது. பெறகு இன்னொருத்தன் கட்டுல. எட்டு வயசுப் பையன் கேஸ்ல பாத்தப்போ எனக்குப் புரிஞ்சு போச்சு. பதினாலு வருசத்துல ஏழு கிடைச்சுது."

"ஒரு வரி எழுதியிருக்கலாமே. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்."

"கோடு போட்டாப் போதும், நீங்க வாசிப்பீயன்னு நெனச்சேன் சார். விலாசம் போட்டிருந்தேனே. விலாசம் இல்லாத மனுவை எந்த ஆபீஸ்லயும் எடுக்க மாட்டாங்களே."

மாடக்கண்ணு விசயத்தை அவர்கிட்ட நான் சொல்லல.

கேஸை மறுபடி எடுக்கணும்பார், நஷ்டஈடு கேப்பார், என் பென்சனுக்கு ஆபத்துன்னு நினைச்சுத்தான் போனேன். அவர் தலையை ஆட்டினார். "நான் உள்ள இருந்தது முடிஞ்சு போச்சு சார். யார் தருவா அதை? அவ பேரைக் குடுங்க. ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? காப்புக் கட்டிக்கிட்டு ஒளிச்சுச் சோறு தின்னவ, அதான் முருகன் கேட்டுட்டான்னாங்க. அவ அம்மா வீட்டுல போட்டோவைக் கூட எடுத்துட்டாங்க. திதி கொடுக்கல. அவ சாப்பிடலன்னு உங்க கையால எழுதிக் குடுங்க, போதும்."

தம்பி, எனக்கு அழுகை வந்துடுச்சு. அங்கயே அவர் பேனாவையே வாங்கி எழுதினேன். "நான் இரைப்பையை என் கண்ணால் பார்த்தேன். அது காலியாக இருந்தது. அறிக்கையில் தவறுதலாக எழுதிவிட்டேன்." கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாழ்க்கையிலயே ஒரு நல்ல காரியம் பண்ணிட்டதா நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அவர் வாசிச்சார். இன்னொரு தடவை வாசிச்சார். மேசை மேல வச்சார்.

"பாத்தீங்களா சார்?"

நான் முழிச்சேன்.

"காலியா இருந்ததைப் பாத்தீங்களா? பாக்காம இன்னும் எத்தனை எழுதுவீய?"

சுத்தி மனு எழுத வந்தவங்க நிக்கறாங்க. அறுபத்தேழு வயசு எனக்கு. ஸ்கூல்ல கூட அப்படி நின்னதில்ல. அவர் அந்தத் தாளை நாலாக் கிழிச்சுட்டு, புதுசா ஒரு தாள் எடுத்து வச்சார். நான் எழுதினேன். "சண்முகக்கனியின் இரைப்பையை நான் திறக்கவில்லை. நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது பொய்." இருபத்தாறு வருசத்துல நான் எழுதின ரிப்போர்ட்டுல அதுதான் சின்னது.

"இதை நான் கொண்டுபோய் வாசிச்சா அந்த வீட்டுல நம்ப மாட்டாங்க. என்னை உள்ளயே விட மாட்டாங்க. நீங்க வந்து வாசிக்கணும்"னார்.

அதுதான் இன்னிக்கு. அங்க போய்ட்டுத்தான் வரேன்.

சண்முகக்கனியோட அம்மாவுக்கு எழுபது இருக்கும். மகன், மருமக, தெருக்காரங்க நாலஞ்சு பேரு. பரமகுரு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டார். நான் யாருன்னு சொன்னதும் நாற்காலி போட்டாங்க. உக்காரல. நின்னுக்கிட்டே வாசிச்சேன். மூணு வரி. வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முடிஞ்சுது. மகன் என் சட்டையைப் பிடிப்பான்னு எதிர்பாத்தேன். அவன் அம்மாவைத்தான் பாத்தான்.

அந்த அம்மா மெதுவாக் கேட்டாங்க, "அப்போ எம் மக சோறு திங்கலயாய்யா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் பாக்கல."

"நான் பாத்தேன்யா"ன்னாங்க.

எனக்குப் புரியல.

"அன்னைக்குக் காலைல நான் அங்க போயிருந்தேன். சுருண்டு கிடந்தா. பயந்து போயி எலுமிச்சம்பழம் புழிஞ்சு வாய்கிட்ட கொண்டு போனேன். சாயந்தரம் சூரன் விழட்டும்மா, பெறகு குடிக்கேன்னு தட்டி விட்டுட்டா. எஞ்சேலையெல்லாம் கொட்டிட்டு. தண்ணி கூடக் குடிக்காதவ, ரெண்டு மணி நேரத்துல சோறு திம்பாளா?"

"இதை ஏம்மா கோர்ட்ல சொல்லல?"

கேட்டிருக்கக்கூடாது. ஆனா வாய் கேட்டுடுச்சு.

"சொல்லணும்னுதான் வந்திருந்தேன். எனக்கு முன்னாடி நீங்க ஏறுனிய. உள்ள இருந்ததைக் கண்ணால பாத்தேன்னு சொன்னிய. நீங்க படிச்சவுக, திறந்து பாத்தவுக. நான் வெளிய இருந்து பாத்தவதானேன்னு நெனச்சேன். நான் அங்கிட்டுப் போன பெறகு தின்னுருப்பாளோன்னு நெனச்சுட்டேன்யா. பெத்த மகளை அப்படி நெனச்சுட்டேன். பாத்த நான் வாயைத் திறக்கல."

அழுதுக்கிட்டே எந்திரிச்சு, என்னைத் தாண்டி, கேட்டுக்குப் போய், "உள்ள வாங்க மாப்ளே"ன்னு பரமகுரு கையைப் பிடிச்சாங்க. அவங்க எல்லாரும் உள்ள போனாங்க. என்னை யாரும் போன்னு சொல்லல, இருன்னும் சொல்லல. அந்தத் தாளைத் திண்டு மேல வச்சுட்டு வந்து பஸ் ஏறிட்டேன்.

பதினோராயிரம் தம்பி. அதுல எத்தனை வீட்டுல பாத்தவங்க இப்படி வாயை மூடிக்கிட்டாங்களோ.